சிங்கப்பூர் சூப்பர் ஸ்கைஹாக் 1/48 ரெசின் செட்: கட்டி முடிச்சாச்சு, வாங்கலாமா வேண்டாமா

என்ன சாமான்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் இதை முழு கிட்டுன்னு நெனச்சு ஆர்டர் போட்டுட்டு அப்புறம் பெட்டியத் திறந்து பாத்து முழிக்கிறாங்க. இது முழு கிட் இல்ல. 1/48 அளவுல (நிஜ விமானத்துல 48ல ஒரு பங்கு) ஒரு சாதா ஏ-4 ஸ்கைஹாக் போர் விமான மாடல் பிளாஸ்டிக் கிட் நம்மகிட்ட தனியா இருக்கணும், அதை சிங்கப்பூர் ஏர்ஃபோர்ஸ் ஓட்டின ஏ-4எஸ்யூ சூப்பர் ஸ்கைஹாக்கா மாத்தறதுக்கான ரெசின் (அச்சுல வார்த்த கெட்டி பிசின்) கன்வர்ஷன் செட் மட்டும்தான் இது. உள்ள வர்றது: பின்பக்க உடம்பு ரெண்டு பாதி, காத்து உள்ள போற வாய் ரெண்டு, எக்ஸாஸ்ட் குழாய், வாலுக்கு அடியில ஒட்டற பாராசூட் கூடு, ஒரு சீட்டு, கொஞ்சம் பைலான் (இறக்கைக்கு அடியில குண்டு, டாங்க் மாட்டற தண்டு), ஒரு டீக்கல் ஷீட்டு (தண்ணில நனைச்சு ஒட்டற சின்னம், எழுத்து), அப்புறம் ப்ரிண்ட் பண்ண ஒரு அட்டை டிஸ்ப்ளே பேஸ். வெல 85 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பேஸ் கிட், அதாவது அந்த சாதா பிளாஸ்டிக் கிட், காசு தனி.

செஞ்சவங்க பேரு போடல, கேக்காதீங்க. ஃபேக்டரி கிடையாது, ரெண்டு மூணு பேரு வீட்லயே ரெசின் வார்த்து ஆன்லைன்ல விக்கிறாங்க. நான் கீழ கொஞ்சம் திட்டப் போறேன், அதுக்காக அவங்க பொழப்புல மண்ணு போட இஷ்டமில்ல. இந்தப் பொழுதுபோக்குல இருக்கவங்களுக்கு எதைச் சொல்றேன்னு தன்னால புரியும்.

எந்த பேஸ் கிட் வாங்கணும்னு இவங்க இன்ஸ்ட்ரக்ஷன் ஷீட்ல ஒரு வரி கூட இல்ல, அதனால நான் சொல்றேன். சிங்கப்பூர் வாங்கினது ஏ-4பி, ஏ-4சின்னு ஆரம்பகால ஸ்கைஹாக். கடையில சுலபமா கிடைக்கிறது பெரும்பாலும் எஃப், எம் மாடல், அதுல முதுகுல திமில் மாதிரி ஒரு எலக்ட்ரானிக்ஸ் மேடு இருக்கும். சிங்கப்பூர் விமானத்துக்கு அந்த மேடு கிடையாது, முதுகு நேரா இருக்கும். எஃப் கிட்டை வாங்கினா மொதல்ல அறுவை வேலைதான். பி கிட்டோ சி கிட்டோ தேடி வாங்குங்க, கொஞ்சம் அலைச்சல்தான் ஆனா புட்டி செலவு மிச்சம்.

இப்ப ஒரு கேள்வி வரும். உலகத்துல எத்தனையோ நாடு ஸ்கைஹாக் ஓட்டிருக்கு, அமெரிக்க நேவி, இஸ்ரேல், அர்ஜென்டினா, எல்லாத்துக்கும் நல்ல நல்ல டீக்கல் இருக்கு, எதுக்கு சிங்கப்பூருக்குன்னு தனியா பாதி உடம்பையே மாத்தணும், டீக்கல் மட்டும் ஒட்டினா ஆகாதா? ஆகாது. ஏன்னா இந்த விமானம் வாங்கின மாதிரியே ஓடல, வாங்கி, பிரிச்சு, மறுபடி கட்டி, பத்து வருஷம் கழிச்சு மறுபடி பிரிச்சு கட்டினது. அதனால இந்த செட்டை ரிவ்யூ பண்ணணும்னா அந்தக் கதைய சொல்லாம முடியாது, பொறுத்துக்கங்க.

1965ல தனி நாடானப்போ சிங்கப்பூர்கிட்ட போர் விமானம்னு ஒண்ணுகூட கிடையாது. தெங்கா, செலேத்தார், சாங்கி எல்லாமே பிரிட்டிஷ் ஏர்ஃபோர்ஸ் தளம், வானத்தை அவங்க பாத்துக்குவாங்கங்கறதுதான் கணக்கு. 1968 ஜனவரில லண்டன்லேர்ந்து அறிவிப்பு வருது, 1971 கடைசிக்குள்ள படைய வாபஸ் வாங்கறோம்னு. பாதுகாப்பு போறது ஒரு பக்கம், அந்த தளங்களை நம்பியே நாட்டு வருமானத்துல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு இருந்துச்சு. அதே வருஷம் செப்டம்பர் 1ம் தேதி சிங்கப்பூர் ஏர் டிஃபென்ஸ் கமாண்டுன்னு ஆரம்பிக்கிறாங்க. 1969ல வந்த முதல் விமானம் என்னன்னு நெனைக்கிறீங்க? செஸ்னா 172. எட்டு. இன்னிக்கு ஃப்ளையிங் கிளப்ல காசு கட்டி ஓட்டுவாங்களே, அதே குட்டி ப்ரொப்பெல்லர் விமானம். பின்னாடியே ஸ்ட்ரைக்மாஸ்டர், அலுவெட் ஹெலிகாப்டர், ஹாக்கர் ஹண்டர், ப்ளட்ஹவுண்ட் ஏவுகணைன்னு வரிசையா வந்துச்சு. ஆர்எஸ்ஏஎஃப் (ரிபப்ளிக் ஆஃப் சிங்கப்பூர் ஏர்ஃபோர்ஸ்)ங்கற இப்ப இருக்கற பேரு 1975 ஏப்ரல்ல வந்தது.

ஹண்டரும் செகண்ட் ஹேண்ட்தான், பிரிட்டன்ல புதுப்பிச்சு வாங்கினது. அது மட்டும் போதாதுன்னு 1972 வாக்குல அமெரிக்க நேவி கழிச்சுப் போட்ட ஏ-4பி நாப்பது வாங்கறாங்க. ஸ்கைஹாக் முதல்ல பறந்தது 1954ல, டக்ளஸ் கம்பெனில எட் ஹைன்மேன் டிசைன். விமானந்தாங்கிக் கப்பல்ல நிக்கணும், அதே சமயம் இறக்கைய மடக்கற மெக்கானிசம் வேண்டாம், எடை கூடும்னு இறக்கையவே 8.38 மீட்டர்ல நிறுத்திட்டாரு அந்த மனுஷன். 1/48ல அது 17.5 சென்டிமீட்டர், கையில வெச்சுப் பாத்தா பொம்மை மாதிரி இருக்கும், பக்கத்துல ஒரு எஃப்-15 மாடலை வெச்சா பாவமா இருக்கும்.

அந்த நாப்பதுல எட்டை அமெரிக்காவுல லாக்ஹீட் ஆளுங்க மாத்தித் தந்தாங்க. மீதி 32ஐ சிங்கப்பூர்லயே, லாக்ஹீடோட உள்ளூர் கிளையில, இங்க இருக்கற ஆளுங்களை வெச்சே மாத்தினாங்க. எனக்கு இந்த ஏர்ஃபோர்ஸ் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஏர்ஃபோர்ஸ் ஆரம்பிச்சே நாலஞ்சு வருஷம், பழைய ஸ்கைஹாக்க வரவழைச்சு பிரிச்சுப் போட்டு வயர் மாத்தி, புது பைலான் போட்டு, இறக்கை மேல ஸ்பாய்லர் போட்டு, வால்ல பிரேக் பாராசூட் வெச்சு அனுப்பறாங்க. அந்த வேலை கத்துக்கிட்ட கூட்டம்தான் பின்னால சிங்கப்பூர் ஏரோஸ்பேஸாகி இன்னிக்கு எஸ்டி எஞ்சினியரிங் கம்பெனில வந்து நிக்குது. பக்கத்துல மலேசியாவும் ஸ்கைஹாக் வாங்குச்சு, 80கள்ல, 88 வாங்கி அதுல 40ஐ மட்டும் அமெரிக்காவுல க்ரம்மன் கம்பெனிகிட்ட குடுத்து புதுப்பிச்சாங்க. ஏ-4பிடிஎம்னு பேரு. 90கள் நடுவுலயே அதை ஓரங்கட்டிட்டாங்க. சிங்கப்பூர் ஸ்கைஹாக் 2012 வரைக்கும் ஓடுச்சு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வயசு பழைய இரும்பு, ஒண்ணை வெளியூர் மெக்கானிக்கிட்ட விட்டாங்க, இன்னொண்ணை வீட்லயே பிரிச்சாங்க, வித்தியாசம் அங்கதான்னு நான் சொல்லுவேன். மலேசியா நண்பர்கள் கோவிச்சுக்கலாம், பரவால்ல.

சரி கிட்டுக்கு வருவோம்.

ரெசின் வார்ப்பு தரம் நல்லாவே இருக்கு. காத்துக் குமிழி ஒண்ணு ரெண்டுதான், அதுவும் உள்பக்கம். பேனல் லைன் மெல்லிசா நேரா இருக்கு. பின்பக்க உடம்பு ரெண்டு பாதியும் ஒண்ணோட ஒண்ணு நல்லா உக்காருது, ஆனா பிளாஸ்டிக் முன்பக்கத்தோட சேர்ற இடத்துல அரை மில்லிமீட்டர் படி நிக்குது, மேல் பக்கம் மட்டும். சாண்ட்பேப்பர் போட்டு இறக்கலாம், இறக்கினா அந்த அழகான பேனல் லைன் போயிடும், மறுபடி கீறணும். ரெசினைத் தேய்க்கும்போது மாஸ்க் போடுங்க, தண்ணி தொட்டுத் தேய்ங்க, அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. அப்புறம் ஒட்டறதுக்கு முன்ன பாத்திரம் கழுவற சோப்பு போட்டு எல்லா பார்ட்டையும் கழுவிடுங்க, அச்சுல தடவின எண்ணெய் இருந்தா பெயின்ட் நிக்காது. பிளாஸ்டிக் க்ளூ ரெசின்ல ஒட்டாது, சூப்பர் க்ளூதான்.

இன்னொரு விஷயம் இன்ஸ்ட்ரக்ஷன்ல சொல்லாதது. பின்னாடி மொத்தமும் கெட்டி ரெசின், முன்னாடி வெறும் கூடு பிளாஸ்டிக். மூக்குக்குள்ள எடை வெக்காம மூடினீங்கன்னா மாடல் வாலைத் தரையில ஊனிக்கிட்டு உக்காந்துக்கும். வழக்கமா ஸ்கைஹாக் கிட்டுக்கு போடற எடை இதுக்குப் பத்தாது. தூண்டில் கடையில விக்கிற ஈயக் குண்டு வாங்கி மூக்கு நிறைய அடைச்சு, காக்பிட்டுக்கு அடியிலயும் ரெண்டு சொருகுங்க.

இறக்கை நம்ம பேஸ் கிட்டோடது, அதுல இவங்க கை வெக்கல. நான் இங்க ஒண்ணு கவனிக்கச் சொல்லுவேன். ஸ்கைஹாக் இறக்கை முன்விளிம்புல இருக்கற ஸ்லாட்டை (நகர்ற பட்டை) இழுத்து விட மோட்டாரோ ஹைட்ராலிக்கோ கிடையாது, வேகத்துல காத்து அழுத்தினா உள்ள போய் ஒட்டிக்கும், வேகம் குறைஞ்சா தானா வெளிய விழும். அதனால தரையில நிக்கற ஸ்கைஹாக்ல பெரும்பாலும் ஸ்லாட் தொங்கிக்கிட்டு இருக்கும். நிறைய கிட்ல அதை மூடி வார்த்திருப்பாங்க. சக்கரத்தை இறக்கி நிறுத்தற மாடலா இருந்தா ஸ்லாட்டை வெட்டி கீழ இறக்கி ஒட்டுங்க, ஒரு ராத்திரி வேலை, ஆனா அதுக்கப்புறம்தான் விமானம் விமானம் மாதிரி இருக்கும். அதே மாதிரி வால்ல ரடர். சாதாரணமா ரடர்னா உள்ள எலும்பு, வெளிய தோல். இதுல தலைகீழ், நடுவுல ஒரே தகடு, எலும்பெல்லாம் வெளிய தெரியும். அந்த வரிகளை பெயின்ட்டால நிரப்பி மழுப்பிடாதீங்க, மெல்லிசா ஒரு வாஷ் (தண்ணியா கரைச்ச பெயின்ட்) விட்டா போதும், அழகா எழும்பி வரும்.

இப்ப இந்த செட்டோட உயிர்நாடி, எஞ்சின் பக்கம். ஒரிஜினல் ஸ்கைஹாக்ல இருந்தது ஜே65 எஞ்சின், அது பிரிட்டிஷ் சஃபையர் எஞ்சினை அமெரிக்காவுல லைசன்ஸ் வாங்கி செஞ்சது. 80கள் வந்தப்ப அதுக்கு வயசாகிடுச்சு, ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கல, 80கள் மத்தியில விபத்துகளும் வந்துச்சு. அப்ப ரெண்டு வழி: எல்லாத்தையும் தூக்கிப் போட்டு புதுசு வாங்கறது, இல்ல எஞ்சினை மாத்தறது. புதுசும் வாங்கினாங்க, 1985ல எட்டே எட்டு எஃப்-16க்கு ஆர்டர் போட்டாங்க. ஆனா அந்தக் காசுக்கு ஒரு ஃப்ளீட்டு மொத்தத்தையும் எஃப்-16 ஆக்க முடியாதுல்ல, அதனால ஸ்கைஹாக்ல ஜெனரல் எலக்ட்ரிக் எஃப்404 எஞ்சினைப் போட முடிவு பண்றாங்க. எஃப்/ஏ-18 ஹார்னெட்ல இருக்கறதே, அதே குடும்பம், ஆஃப்டர்பர்னர் (பின்னாடி கூடுதலா எரிபொருள் எரிச்சு உந்தறது) மட்டும் இல்லாம. பழசு 8,400 பவுண்டு தள்ளும், புதுசு 10,800. கிட்டத்தட்ட 29 சதவீதம் கூட. 1986 செப்டம்பர்ல முதல் விமானம் பறந்துச்சு. முப்பது வருஷத்துக்கு முந்தின டிசைனுக்குள்ள அந்த காலத்து நவீன எஞ்சினை உக்கார வெக்கறதுன்னா சும்மா நட்டு போல்ட்டு வேலை இல்ல, எஞ்சினைத் தாங்கற சட்டம், காத்துப் பாதை எல்லாத்தையும் திருப்பி யோசிக்கணும்.

இதெல்லாம் மாடல்ல எங்க தெரியும்னா, பின்னாடிலேர்ந்து பாக்கும்போது அந்தக் குழாய்ல. இந்த செட்ல ரொம்ப நல்ல பார்ட்டு எதுன்னு கேட்டா அதுதான். உள்ள ஆழமா வார்த்திருக்காங்க, டார்ச் அடிச்சுப் பாத்தா கடைசில டர்பைன் தகடு வரிசை தெரியுது, குழாய் விளிம்பு காகிதம் மாதிரி மெல்லிசு. நான் எரிஞ்ச உலோக நிறம் அடிச்சு, விளிம்புல கொஞ்சம் நீலம், கொஞ்சம் பழுப்பு ஊதினேன், வீட்டுக்கு வர்றவங்க மொதல்ல அதைத்தான் கேக்கறாங்க. முன்பக்க காத்து வாய் ரெண்டும் அவ்ளோ நல்லா இல்ல. ஒண்ணு உடம்போட சரியா ஒட்டுது, இன்னொண்ணு கொஞ்சம் வெளிய விரிஞ்சு நிக்குது. சுடு தண்ணில முக்கி வளைச்சா வழிக்கு வருது. ஆனா 85 வெள்ளி குடுத்து வாங்கின சாமானை சுடு தண்ணில போட்டு வளைச்சுக்கிட்டு இருக்கணுமா?

அடுத்த குறை பெரிய குறை. சிங்கப்பூர் ஸ்கைஹாக்ல பீரங்கி வேற. அமெரிக்காக்காரன் வெச்சது 20 மில்லிமீட்டர், இவங்க அதைக் கழட்டிட்டு 30 மில்லிமீட்டர் ஆடன் போட்டாங்க. ஹண்டர்லயும் ஆடன்தான், ஒரே குண்டு ரெண்டு விமானத்துக்கும் ஆகும்ல. இறக்கை ஆரம்பிக்கிற இடத்துல ரெண்டு பக்கமும் தடியா நீட்டிக்கிட்டு இருக்கும். இந்த செட்ல அந்தக் குழல் இல்லவே இல்ல! பேஸ் கிட்ல வர்ற ஒல்லிக் குழலையே ஒட்டுங்கன்னு படம் போட்டிருக்காங்க. பாராசூட் கூட்டை அவ்ளோ அக்கறையா செஞ்சவங்க இதை எப்படி விட்டாங்கன்னு தெரியல. பித்தளைக் குழாய் வாங்கி வெட்டி நானே போட்டேன்.

காக்பிட் இன்னும் மோசம். சீட்டு நல்லா இருக்கு, பெல்ட் வார்ப்பு அருமை. டாஷ்போர்டு தரல, பேஸ் கிட்டோடதையே வைங்கன்னு விட்டுட்டாங்க, அது 50கள் ஸ்டைல், வெறும் வட்ட வட்ட டயலு. சூப்பர் ஸ்கைஹாக்கோட ரெண்டாங்கட்ட மாத்தமே எலக்ட்ரானிக்ஸ்தான். பைலட் கண்ணுக்கு முன்னாடி கண்ணாடில எல்லாம் தெரியற ஹட், லேசர் ஜைரோ வெச்ச நேவிகேஷன், எல்லாத்தையும் ஒரே டேட்டா லைன்ல இணைச்சு ஒரு கம்ப்யூட்டர். எஞ்சின் மாத்தினதால வேகம் வந்துச்சு, இந்த எலக்ட்ரானிக்ஸாலதான் பழைய விமானத்துல பழகற பையன் நாளைக்கு எஃப்-16ல ஏறும்போது முழிக்காம இருந்தான். கேனபிய, அதாவது காக்பிட் மேல இருக்கற கண்ணாடி மூடிய, மூடி வெக்கிறவங்களுக்கு இது பிரச்சினை இல்ல. திறந்து வெச்சா தெரியும். நான் ஒரு துண்டு ப்ளாஸ்டிக் ஷீட்டுல ஸ்கிரீன் மாதிரி வெட்டி, ஹட்டுக்கு மருந்து மாத்திரை அட்டையோட கண்ணாடி ப்ளாஸ்டிக்க வெட்டி வெச்சு சமாளிச்சேன்.

டீக்கல் ஷீட்டு. இதுக்காகவே வாங்கலாம்னு சொல்ற அளவுக்கு இருக்கு. மூணு விமானத்துக்குத் தந்திருக்காங்க. முதலாவது தெங்காவுல ஓடின சாம்பல் நிற விமானம், 142, 143, 145 மூணு ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) சின்னமும் இருக்கு, எது வேணுமோ ஒட்டிக்கலாம். ரெண்டாவது ப்ளாக் நைட்ஸ் சாகசக் குழுவோட சிவப்பு வெள்ளை, 1990ல அவங்க சூப்பர் ஸ்கைஹாக்ல ஆடினாங்க. மூணாவது ஃப்ரான்ஸ் கஸோ தளத்துல இருந்த 150 ஸ்குவாட்ரன்.

இந்த மூணாவது பத்தி சொல்லியே ஆகணும். கிழக்கு மேற்கா 50 கிலோமீட்டர் இருக்கற தீவுல மணிக்கு 900 கிலோமீட்டர்ல போற விமானத்தை எங்க ஓட்டிப் பழகறது? மூணு நிமிஷத்துல நாடு முடிஞ்சிடும், அதுலயும் பாதி வானம் சாங்கி ஏர்போர்ட்டுக்கு. அதனால சிங்கப்பூர் ஏர்ஃபோர்ஸ்ல நிறைய பேரு எப்பவும் வெளியூர்லதான். ஆஸ்திரேலியாவுல பியர்ஸ், ஓக்கி, அமெரிக்காவுல அரிசோனா, ஐடஹோ, நம்ம இந்தியாவுல மேற்கு வங்காளத்துல கலைகுண்டாவுக்குக் கூட வந்து பயிற்சி பண்றாங்க. 1998லேர்ந்து ஃப்ரான்ஸ்ல கஸோ. 2005ல தெங்காவுல ஸ்கைஹாக்குக்கு வழியனுப்பு விழா நடத்தி முடிச்சதுக்கு அப்புறமும் கஸோவுல ஏழு வருஷம் பசங்க அதுலதான் சண்டை விமானம் ஓட்டக் கத்துக்கிட்டாங்க, 2012ல இத்தாலி எம்-346 வந்து இடத்தைப் பிடிக்கிற வரைக்கும். அமெரிக்கா கழிச்சது, சிங்கப்பூர்ல பிரிச்சுக் கட்டினது, ஃப்ரான்ஸ் வானத்துல அம்பது வருஷம் முடிக்குது. நான் கட்டினது இந்த மூணாவதுதான்.

ப்ரிண்ட் ரொம்ப ஷார்ப். வட்டத்துக்குள்ள சிங்கத் தலை சின்னம், அது 1990லேர்ந்து வந்தது, பிடரி முடி வரைக்கும் தெளிவா இருக்கு. அதுக்கு முந்தின காலத்து வட்டச் சின்னத்தையும் ரெண்டு எக்ஸ்ட்ரா அடிச்சிருக்காங்க, ஆனா சூப்பர் ஸ்கைஹாக்கை அதுல கட்டணும்னா 80கள் கடைசி விமானமா கட்டணும், அந்தக் காலத்துப் படத்தைப் பாத்துக்கிட்டு செய்ங்க. டீக்கல் ரொம்ப மெல்லிசு, தண்ணிலேர்ந்து எடுத்தா சுருண்டுக்கும், அவசரப்படாதீங்க. க்ளாஸ் கோட் (பளபளப்பு வார்னிஷ்) அடிச்ச மேல ஒட்டுங்க, இல்லன்னா ஓரம் வெள்ளையா பூத்துப் போயிடும். ப்ளாக் நைட்ஸ் செட்ல சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சு பக்கம் போயிடுச்சுன்னு எனக்குத் தோணுது, வெள்ளை மேல ஒட்டும்போது இன்னும் தெரியும். அந்த வெர்ஷன் கட்றவங்க சிவப்பை பெயின்ட்லயே அடிச்சுட்டு எழுத்தையும் சின்னத்தையும் மட்டும் டீக்கல்ல எடுத்துக்கறது நல்லது.

அந்த அட்டை டிஸ்ப்ளே பேஸ். ஐடியா சூப்பர். லிம் சூ காங் ரோடு. தெரியாதவங்களுக்கு: தெங்கா தளத்தை ஒட்டிப் போற சாதாரண ரோடு அது, ஒரு பக்கம் கல்லறைத் தோட்டமெல்லாம் இருக்கும். ரன்வேய எதிரி உடைச்சுட்டா என்ன பண்றதுன்னு அந்த ரோட்டையே 2,500 மீட்டர் நீள, 24 மீட்டர் அகல ரன்வேயா மாத்தி ஜெட்டை இறக்கி ஏத்தற பயிற்சி, எக்ஸர்சைஸ் டோரன்ட்னு பேரு, 1986லயே ஆரம்பிச்சுட்டாங்க. விளக்குக் கம்பம், பஸ் ஸ்டாப், சிக்னல், போர்டு எல்லாத்தையும் பிடுங்கி எடுத்துட்டு, ரோட்டைக் கூட்டி, லைட்டு போட்டு, விமானத்தைப் பிடிச்சு நிறுத்தற கேபிள் கட்டி, அப்புறம்தான் விமானம். ரன்வே தவிர வேற எங்கயும் இறங்க இடமில்லாத ஊர்ல இருந்தாத்தான் இந்த மாதிரி யோசனையெல்லாம் வரும். இந்த அட்டையில என்ன பண்ணி வெச்சிருக்காங்கன்னா ரோட்டோரத்துல விளக்குக் கம்பத்தோட நிழல் வரிசையா விழுது, ஓரத்துல பஸ் ஸ்டாப்பும் இருக்கு! இறங்கற விமானம் என்ன, பயணி ஏத்திக்கிட்டுப் போகுமா? ஃபோட்டோஷாப் பண்ணவருக்கு யாராவது சொல்லிருக்கலாம். நான் அட்டையத் தூக்கிப் போட்டுட்டு ஒரு ப்ளெயின் கான்க்ரீட் பேஸ்ல நிறுத்திட்டேன்.

கமெண்ட்ல ஒருத்தர் கேட்டிருந்தாரு, எஃப்-35 வர்ற காலத்துல யாருங்க இந்தப் பழைய இரும்பைக் கட்டுவான்னு. நியாயமான கேள்விதான். சிங்கப்பூர் மொத்தம் 20 எஃப்-35 வாங்குது, முதல்ல நாலு பி மாடல், அப்புறம் எட்டு பி, 2024ல எட்டு ஏ மாடல்னு அறிவிச்சாங்க. பி மாடல் குட்டை ரோட்லேர்ந்து எழும்பும், நேரா கீழ இறங்கும், லிம் சூ காங் ரோடு கதையப் படிச்சவங்களுக்கு ஏன் பி-ன்னு நான் விளக்கவே வேண்டாம். ஆனா நாலு நாலா எட்டு எட்டா எடுத்து வெக்கிற அந்தப் பழக்கத்தைப் பாருங்க, முதல் எஃப்-16ம் எட்டுதான். வாங்கினதை லேசுல விடாததும் பழக்கம்தான், எஃப்-5ஐ 1979லேர்ந்து ஓட்டி, நடுவுல ரேடார் காக்பிட்டெல்லாம் இங்கயே மாத்தி எஃப்-5எஸ் ஆக்கி 2015 வரைக்கும் இழுத்தாங்க. ஹாக்ஐ ரேடார் விமானம் நாலு 80கள்ல வந்துச்சு, இருபது வருஷத்துக்கு மேல வேலை வாங்கிட்டுத்தான் ஜி550 ரேடார் விமானத்துக்கு மாறினாங்க. எஃப்-15எஸ்ஜி ஆரம்பத்துலேர்ந்தே பளபளன்னு புதுசா வாங்கினது. இப்ப இருக்கற எஃப்-16 கூட புது ரேடார் போட்டு மேம்படுத்தி 2030கள் நடுவுல வரைக்கும் ஓடப் போகுது. அதனால எஃப்-35 மாடல் கடையில நூறு கிடைக்கும், சாமி, வாங்கிக் கட்டிக்கங்க, ஆனா இந்த ஏர்ஃபோர்ஸ் எப்படி இவ்ளோ தூரம் வந்துச்சுன்னு ஒரு விமானத்துல காட்டணும்னா நான் ஸ்கைஹாக்கைத்தான் எடுப்பேன். நேர்ல பாக்கணும்னாலும் இங்க சிலது பாலிடெக்னிக்குல பசங்க படிக்கறதுக்காக நிக்குது, அளவெடுக்க வசதி.

வெலைக்கு வருவோம். 85 வெள்ளி செட்டு, பேஸ் கிட், பெயின்ட், டீக்கல் சாஃப்ட்னர், பித்தளைக் குழாய் எல்லாம் சேத்தா கணக்கு 200ஐத் தொட்டுரும். அது அதிகம். குழல் ரெண்டும் டாஷ்போர்டும் சேத்துத் தந்திருந்தா வாயை மூடிக்கிட்டு குடுத்திருப்பேன். டெலிவரி சிங்கப்பூருக்குள்ள வேகமா வந்துச்சு, பேக்கிங் நல்லா பண்ணிருந்தாங்க, ஒரு பைலான் ஒடைஞ்சிருந்ததுக்கு மெசேஜ் போட்டதும் கேள்வி கேக்காம வேற அனுப்பினாங்க, அதுக்கு முழு மார்க்கு. சென்னைக்கு வரவழைச்ச ஒரு நண்பருக்கு கஸ்டம்ஸ் டூட்டியே தனியா ஒரு கிட் காசு ஆச்சு, சென்னைல இருக்கறவங்க சிங்கப்பூர்லேர்ந்து யாராவது ஊருக்கு வரும்போது சொல்லி வாங்கிக்கங்க.

மொத்தத்துல அஞ்சுக்கு மூணு. டீக்கலுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நாலரை, காக்பிட்டுக்கு ஒண்ணு, அந்த பேஸ் அட்டைக்கு மார்க்கே இல்ல. ரெசின்ல முன்ன கை வெச்சவங்க தாராளமா வாங்கலாம். இதுதான் முதல் ரெசின் வேலைன்னா வேண்டாம், அந்த அரை மில்லிமீட்டர் படியே உங்களை இந்தப் பொழுதுபோக்கைவிட்டு ஓட வெச்சுரும். மொதல்ல ஏதாவது ஒரு சின்ன ரெசின் சீட்டு, சக்கரம்னு போட்டுக் கையப் பழக்குங்க.

டீக்கல் மட்டும் தனியா தருவீங்களான்னு கேட்டேன், 28 வெள்ளின்னு சொன்னாங்க, லிஸ்ட்ல போடல, மெசேஜ் போட்டா தர்றாங்க. ரெண்டு சீட்டு டிஏ-4எஸ்யூவும் அடுத்து வருதாம். அமெரிக்காவோட டூ சீட்டர்ல ரெண்டு பேருக்கும் ஒரே நீளக் கண்ணாடி, சிங்கப்பூர் மாத்தினதுல மட்டும் ஆளுக்கொரு கேனபி, தனித்தனியா புடைச்சுக்கிட்டு நிக்கும், உலகத்துல வேற யாருகிட்டயும் இல்லாத உருவம். அந்த ரெண்டு கேனபியும் கண்ணாடி மாதிரி தெளிவா வார்த்து, ஆடன் குழலும் பெட்டிக்குள்ள போட்டுத் தந்தா முதல் ஆர்டர் என்னோடது. மங்கலான ரெசின்ல வார்த்து நீங்களே பாலிஷ் போட்டுக்கங்கன்னு அனுப்பினா வாங்க மாட்டேன், அதையும் அவங்ககிட்ட சொல்லிட்டேன்.